ஜெர்மனிக்கு நாயையும் பூனையையும் அழைத்துச் செல்வது: சென்னையிலிருந்து புறப்படுமுன் செய்ய வேண்டியவை

வேலை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு நமக்கு விசா கிடைக்கச் சில வாரங்கள் போதுமாக இருக்கலாம். ஆனால் வீட்டில் வளரும் நாயையோ பூனையையோ அதே விமானத்தில் ஏற்றுவதற்கான ஏற்பாட்டை முதலிலிருந்து தொடங்கினால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் நான்கு மாதங்களுக்கு மேல் ஆகிவிடும். கூடுதல் கட்டணமோ சிபாரிசோ இந்தக் காலத்தைக் குறைக்காது. ரேபிஸ் கிருமி உடலுக்குள் மறைந்திருந்தால் அது வெளிப்படுவதற்கான அவகாசமாகவே இந்தக் காத்திருப்பு விதிக்கப்பட்டுள்ளது. உலகில் ரேபிஸ் நோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் இந்தியாவில் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகளின் வருகைக்காக வைத்திருக்கும் சலுகை நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லாததற்குக் காரணம் இதுதான். பட்டியலில் உள்ள நாட்டினருக்குத் தேவைப்படாத இரத்தப் பரிசோதனையும் மூன்று மாதக் காத்திருப்பும் நமக்குக் கட்டாயமாகின்றன.

இந்த ஏற்பாட்டில் தனித்தனியாகப் பார்த்தால் கடினமான வேலை ஒன்றுமில்லை. சிக்கல் முழுவதும் வரிசையில்தான் இருக்கிறது. விலங்கை அடையாளம் காட்டும் மைக்ரோசிப் பொருத்தியது செல்லுபடியானால்தான் தடுப்பூசி செல்லும், தடுப்பூசி சென்றால்தான் இரத்தப் பரிசோதனை செல்லும், அது சென்றால்தான் சான்றிதழ் செல்லும். இவற்றில் ஒன்றின் தேதி பிசகினாலும் அதற்குப் பின் செய்த அனைத்தையும் மறுபடி செய்ய நேரிடும்.

முதலில் சிப், பிறகு ஊசி

மைக்ரோசிப் என்பது அரிசி மணியளவே உள்ள கண்ணாடிக் குழல். கால்நடை மருத்துவர் அதைத் தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்துவார். மயக்க மருந்து தேவையில்லை. அது ஐஎஸ்ஓ 11784, 11785 தரங்களுக்கு உட்பட்டதாகவும் 15 இலக்க எண் கொண்டதாகவும் இருக்க வேண்டும். பொருத்துவதற்கு முன்பு ஒருமுறையும் பொருத்திய பின்பு ஒருமுறையும் கருவியால் அந்த எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பொருத்திய தேதி, பொருத்திய இடம், எண் ஆகிய மூன்றையும் மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை ஆகியவற்றுடன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிப்புடன் வரும் பட்டைக்குறி ஒட்டுத்தாள்களில் ஒன்றைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டச் செய்து, மற்றவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

ரேபிஸ் தடுப்பூசியைச் சிப் பொருத்திய நாளிலோ அதற்குப் பின்னரோதான் போட்டிருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான நாய்களுக்குக் குட்டிப் பருவத்திலிருந்தே ஆண்டுதோறும் ஊசி போடப்பட்டுவிடுகிறது. சிப்பைப் பற்றிய நினைப்பே வெளிநாட்டுப் பயணம் முடிவான பிறகுதான் வருகிறது. அப்படியானால், சிப்புக்கு முன் எத்தனை ஊசிகள் போட்டிருந்தாலும் ஐரோப்பிய விதியின் கண்ணில் அவை போடாதவைதான். எந்த ஊசி எந்த விலங்குக்குப் போடப்பட்டது என்பதற்கு அதற்கு முன் அடையாளமே இல்லை என்பது அவர்களின் வாதம். சிப் பொருத்திய பிறகு புதிதாக ஓர் ஊசி போட்டு, அதையே முதல் ஊசியாகக் கணக்கிட வேண்டும். அப்போது விலங்குக்கு 12 வாரமாவது நிறைந்திருக்க வேண்டும். குட்டியை உடனே கொண்டுபோக விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது: 12 வாரம், ஊசிக்குப் பின் 30 நாள், பரிசோதனைக்குப் பின் மூன்று மாதம் என்று கூட்டினால், ஏறத்தாழ ஏழு மாத வயதுக்கு முன் எந்தக் குட்டியும் இந்தியாவிலிருந்து நேரே ஜெர்மனிக்குள் நுழைய முடியாது.

ஊசி மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாள் (அதில் தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும்), போட்ட தேதி, எந்தத் தேதி வரை செல்லும் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் புத்தகத்தில் தெளிவாக இருக்க வேண்டும். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்வது நல்ல பழக்கம். 05/03 என்பதை ஒருவர் மார்ச் 5 என்றும் இன்னொருவர் மே 3 என்றும் படித்துவிடலாம். நாட்கணக்கை நம்பியே நடக்கும் இந்த வேலையில் அது பெரிய வேறுபாடு. அடித்துத் திருத்தியிருந்தால் அதனருகே மருத்துவர் கையொப்பமிட வேண்டும். திருத்தம் மிகுந்த புத்தகத்தை அப்படியே நம்பிப் போவதை விட, புதிய புத்தகத்தில் அனைத்தையும் எழுதி வாங்குவது மேல்.

இரத்தப் பரிசோதனையும் மூன்று மாதக் கணக்கும்

ஊசி போட்டு 30 நாளாவது கழிந்த பின் இரத்தம் எடுத்து, அதில் ரேபிஸ் எதிர்ப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்கிறது என்று நிறுவ வேண்டும். கால்நடை மருத்துவமனைகளில் இதை டைட்டர் பரிசோதனை என்பார்கள். எந்த ஆய்வகத்திலும் இதைச் செய்துவிட முடியாது. ஐரோப்பிய ஆணையம் வெளியிடும் பட்டியலில் அந்த ஆய்வகத்தின் பெயர் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழக ரேபிஸ் ஆய்வகம் இதற்கு உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று. உங்கள் மருத்துவர் எந்த ஆய்வகத்தைச் சொன்னாலும், அதன் பெயர் இன்றைய பட்டியலில் உள்ளதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் எடுக்கும்போது முதலில் சிப்பைப் படித்து, அந்த 15 இலக்க எண்ணையே குழாயின் மீதும் விண்ணப்பத்திலும் எழுத வேண்டும். பிறகு இரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதியான சீரத்தைத் தனியே பிரித்துக் குளிர்ப்பொதிகளுடன் அனுப்புவார்கள். இதையெல்லாம் வாடிக்கையாகச் செய்யும் மருத்துவமனையைத் தேடிப் போவது இந்த ஒரு கட்டத்திலாவது அவசியம். பக்கத்துத் தெரு மருத்துவர் எவ்வளவு திறமைசாலியானாலும், வெளிநாட்டு ஆய்வகத்தின் விண்ணப்பம், பொதி கட்டும் முறை, கூரியர் நிறுவனம் கேட்கும் கடிதங்கள் ஆகியவற்றில் பழக்கம் இல்லாவிட்டால் வாரக்கணக்கில் வீணாகும்.

மூன்று மாதங்களை இரத்தம் எடுத்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். முடிவு வந்த நாளிலிருந்து அல்ல. பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு தேவையில்லாமல் பயணத்தைத் தள்ளிவைக்கிறார்கள். அதே வேளையில் முடிவு 0.5-க்குக் கீழே வந்துவிட்டால் அந்த மூன்று மாதமும் போய்விடும். மீண்டும் ஊசி, மீண்டும் காத்திருப்பு. முதல்முறையாக ஒரே ஓர் ஊசி போட்ட இளம் விலங்குகளில் இது நேர்வதுண்டு. அதனால் நாட்கள் இருந்தால், முதல் ஊசிக்குச் சில வாரங்கள் கழித்து ஊக்க ஊசி ஒன்றும் போட்டு, அதிலிருந்து 30 நாள் கழித்து இரத்தம் எடுப்பதே என் பரிந்துரை. ஓர் ஊசியின் செலவை மிச்சப்படுத்த முயன்று நான்கு மாதத்தைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமாகாது.

ஓர் எடுத்துக்காட்டு. செப்டம்பர் 15 அன்று புறப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் நடுவில் சிப்பும் முதல் ஊசியும், மே 10 அன்று ஊக்க ஊசியும், ஜூன் 12 அன்று இரத்தமும் என்று திட்டமிட்டால், செப்டம்பர் 12 அன்று மூன்று மாதம் நிறையும். இதில் மூன்று நாட்கள்தான் கைவசம் உள்ளன என்பதைப் பாருங்கள். சிப் பொருத்திய பின்னரே போடப்பட்ட ஊசி 30 நாளைக் கடந்து ஏற்கெனவே நடப்பில் இருக்கும் நாய்க்கு நாளையே இரத்தம் எடுக்கலாம். அதற்கு மூன்று மாதம் போதும்.

உரிமையாளர் யார், எப்போது பயணிக்கிறார்

புதிதாகக் குடியேறுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஐரோப்பிய விதியில் வணிக நோக்கமற்ற பயணம் என்ற பிரிவு இருக்கிறது. உரிமையாளரோ, அவர் எழுத்து மூலம் அதிகாரமளித்த ஒருவரோ விலங்கைக் கொண்டுவரலாம். ஆனால் உரிமையாளரின் பயணத்துக்கும் விலங்கின் பயணத்துக்கும் இடையே 5 நாட்களுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஒருவர் கொண்டுவரும் விலங்குகள் ஐந்துக்கு மேற்படவும் கூடாது. இந்த வரம்பைத் தாண்டினால் அந்தப் பயணம் வணிக இறக்குமதிக்கான விதிகளுக்குள் போய்விடும். அதற்கான சான்றிதழும் நடைமுறையும் வேறு, கடுமையும் அதிகம்.

நம் குடும்பங்களில் நடப்பது என்ன? வேலை கிடைத்தவர் முதலில் போய் வீடு பார்த்து வைப்பார். நாய் அம்மா வீட்டில் இருக்கும். நான்கைந்து மாதம் கழித்து அதை ஒரு முகவர் மூலம் அனுப்பிவைக்கலாம் என்ற யோசனை. இந்த யோசனை 5 நாள் விதியில் அடிபட்டுவிடும். வழி இரண்டு உண்டு. முதலில் போனவரே விடுமுறையில் வந்து அழைத்துச் செல்வது ஒன்று. பின்னால் வரப்போகும் கணவர் அல்லது மனைவியின் பெயரில் தொடக்கத்திலிருந்தே சிப் பதிவு, தடுப்பூசிப் புத்தகம், ஆய்வக விண்ணப்பம் ஆகிய அனைத்தையும் எடுத்துவைப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் செலவு குறைவு. எந்தப் பெயராக இருந்தாலும் அது கடவுச்சீட்டில் உள்ளபடியே, முதலெழுத்து இடம் மாறாமல், எல்லாத் தாளிலும் இருக்க வேண்டும்.

விமானமும் கூண்டும்

விலங்குகள் மூன்று வகையில் பயணிக்கின்றன: பயணியின் காலடியில் கேபினுக்குள், பயணியின் கூடுதல் உடைமையாகச் சரக்கறையில், அல்லது தனிச் சரக்காக. பூனைகளும் சிறு நாய்களும் முதல் வகைக்குப் பொருந்தும். லுஃப்தான்சாவில் பையுடன் சேர்த்து 8 கிலோ வரை கேபினில் அனுமதி உண்டு. எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்கள் நாய், பூனைகளைக் கேபினில் ஏற்றுவதில்லை. ஒரு விமானத்தில் இத்தனை விலங்குகள்தான் என்ற வரம்பு இருப்பதால், முதலில் விலங்குக்கு இடம் உண்டா என்று நிறுவனத்தை அழைத்துக் கேட்டு, எழுத்து மூலம் உறுதி பெற்ற பின்னரே உங்கள் பயணச்சீட்டை வாங்குங்கள்.

எங்கே விமானம் மாறுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலில் கால்வைக்கும் நாட்டிலேயே ஆவணச் சோதனை நடக்கும். சான்றிதழும் ஆங்கிலத்துடன் அந்த நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். பாரிஸ் வழியாக பெர்லின் போகிறவர் கையில் பிரெஞ்சு–ஆங்கிலப் படிவம் இருக்க வேண்டும். ஜெர்மன்–ஆங்கிலப் படிவம் அங்கே பொருந்தாது. பயணச்சீட்டு மாறினால் படிவமும் மாறலாம் என்பதை நினைவில் வையுங்கள். முடிந்தவரை விமானம் மாறாமல் ஃபிராங்ஃபர்ட்டிலோ மியூனிக்கிலோ நேராக இறங்குவதே விலங்குக்கும் உங்களுக்கும் நல்லது.

சரக்கறையில் போகும் கூண்டுக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் அளவு வகுத்திருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், தரையிலிருந்து முன்காலின் முழங்கை வரை உயரம், தோள்களின் அகலம், நின்ற நிலையில் தலை அல்லது காது நுனி வரை உயரம் ஆகிய நான்கையும் அளக்க வேண்டும். கூண்டின் நீளம், உடல் நீளத்துடன் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டியது. அகலம், தோள் அகலத்தின் இரு மடங்கு. உயரம், தலை உயரத்துடன் விரிப்பின் தடிமனைச் சேர்த்தது. ஒரு ராஜபாளையம் நாயின் அளவுகள் முறையே 100, 38, 22, 88 சென்டிமீட்டர் என்றால், கூண்டின் உள்ளளவு 119 நீளம், 44 அகலம், 88-க்கு மேல் உயரம் என்று வரும். கடையில் கிடைக்கும் வழக்கமான பிளாஸ்டிக் கூண்டுகளில் மிகப் பெரியவைதான் இதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நெடுங்கால் நாய்களுக்கும் இதே கதைதான். தச்சரிடம் செய்யச் சொன்னால், ஒட்டுப்பலகையில் செய்யச் சொல்லுங்கள். திட மரத்தில் செய்தால் அந்த மரம், மரப் பொதிகளுக்கான சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15-இன்படி வெப்பமூட்டப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும்.

மூக்கு சப்பையான இனங்களுக்கு (பக், புல்டாக், ஷிட்சு, பாரசீகப் பூனை) கூண்டு 10 விழுக்காடு பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அவற்றைச் சரக்கறையில் ஏற்றவே பல நிறுவனங்கள் மறுக்கின்றன. மூச்சுத்திணறலால் இறக்கும் ஆபத்து அவற்றுக்கு அதிகம் என்பதால் அந்த மறுப்பு நியாயமானதே. அதே காரணத்தால் எந்த விலங்குக்கும் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். அது இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தாழ்த்தும். சரக்கறையில் ஆபத்து வந்தால் பார்க்க யாரும் இல்லை. மயங்கிய நிலையில் உள்ள விலங்கை ஏற்க மறுக்கும் உரிமையும் விமான நிறுவனத்துக்கு உண்டு. மாத்திரை செய்யும் வேலையை, கூண்டைப் பல வாரங்களுக்கு முன்பே வாங்கிக் கதவைத் திறந்தபடி வீட்டுக் கூடத்தில் வைத்து, சாப்பாட்டை அதற்குள்ளேயே வைத்துப் பழக்குவதன் மூலம் சாதிக்கலாம். சென்னை வெயிலில் பகல் விமானத்தைத் தவிர்த்து இரவு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசிப் பத்து நாட்கள்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கான விலங்கு நலச் சான்றிதழ், அரசுக் கால்நடை அதிகாரி கையெழுத்திட்ட நாளிலிருந்து 10 நாட்களுக்குள் நுழைவிடத்தில் காட்டப்பட வேண்டும். தனியார் மருத்துவரின் கையெழுத்து மட்டும் போதாது. இந்தியாவில் இந்தப் பணியைச் செய்வது ஒன்றிய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்புச் சேவை; விவரம் தெரிந்தவர்கள் ஏக்யூசிஎஸ் என்பார்கள். சென்னை நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. பெங்களூரு, ஐதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களிலும் நிலையங்கள் உள்ளன. மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்கள் விலங்குடன் சில நாட்கள் முன்னதாகவே சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்து தங்க வேண்டியிருக்கும். விலங்கை ஏற்கும் விடுதியை அதற்கேற்ப முன்கூட்டியே பேசி வையுங்கள்.

முன்னதாக விண்ணப்பித்து நேரம் பெற்று, விலங்கை நேரில் காட்ட வேண்டும். கடவுச்சீட்டு நகல், விசா, பயணச்சீட்டு, சிப் சான்று, தடுப்பூசிப் புத்தகம், ஆய்வக முடிவு, பதிவுபெற்ற மருத்துவர் சமீபத்தில் பார்த்துக் கொடுத்த உடல்நலச் சான்று, விலங்கின் புகைப்படம் ஆகியவற்றை அசலும் நகலுமாக எடுத்துச் செல்லுங்கள். ஐரோப்பியப் படிவத்தையும், உரிமையாளர் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழியையும் ஆணையத்தின் தளத்திலிருந்து அன்றைய நடப்பு வடிவில் நீங்களே தரவிறக்கி, பெரிய எழுத்துகளில் நிரப்பி எடுத்துப்போவது நேரத்தை மிச்சப்படுத்தும். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் பயன்படுத்திய படிவத்தை நகலெடுக்காதீர்கள், வடிவங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. இனம் என்ற கட்டத்தில் நாட்டு நாய்க்கு என்ன எழுதுவது என்று தயங்க வேண்டாம். கலப்பினம் என்று எழுதலாம். தடுப்பூசிப் புத்தகத்தில் உள்ளதும் படிவத்தில் உள்ளதும் ஒன்றாக இருப்பதே அவர்கள் பார்ப்பது.

சனி, ஞாயிறையும் பண்டிகை விடுமுறைகளையும் இந்தப் பத்து நாளுக்குள் எண்ணிப் பாருங்கள். செப்டம்பர் நடுவில் பயணம் என்றால் விநாயகர் சதுர்த்தி விடுமுறை குறுக்கே வரலாம்; பொங்கல் வாரத்தில் அலுவலக நாட்களே சிலதான் மிஞ்சும். சான்றிதழ் கைக்கு வந்ததும் வெளியேறுமுன் அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு தாளிலும் உள்ள 15 இலக்கத்தையும் ஒருவர் படிக்க மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் ஃபிராங்ஃபர்ட்டில் அது வேறு நாய்.

பயண நாளில் புறப்பாட்டுக்கு நான்கைந்து மணி நேரம் முன்பு இலேசான உணவு கொடுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். கூண்டின் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து மாட்டினால், ஏற்றும்போது சிந்தாமல் மெல்ல உருகிக்கொண்டிருக்கும். உங்கள் பழைய சட்டை ஒன்றை விரிப்பின் மேல் போடுங்கள். ஆவண நகல்களை ஓர் உறையிலிட்டுக் கூண்டின் மேல் ஒட்டி, அசலைக் கைப்பையில் வையுங்கள்.

இறங்கிய பின்

விமான நிலையத்தில் சுங்கத்தின் சிவப்பு வழியாகப் போய் விலங்கை நீங்களாகவே அறிவிக்க வேண்டும். பச்சை வழியில் நடந்துவிட்டால் அதுவே குற்றம். ஆவணங்கள் சரியில்லை என்றால் விலங்கைத் திருப்பி அனுப்பவோ உங்கள் செலவில் தனிமைப்படுத்தவோ அதிகாரிகளால் முடியும். வேறு வழியே இல்லாத நிலையில் கொல்லவும் சட்டம் இடம் கொடுக்கிறது. பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் கொண்டுவந்து ஜெர்மனியில் குடியிருக்க முடியாது. இதைப் பயணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது அவசியம்.

வீட்டு முகவரியைப் பதிவு செய்த கையோடு நாய்க்கான நகராட்சி வரிக்கும் பதிவு செய்யுங்கள். பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. ஊருக்கு ஊர் இது மாறும். பூனைக்கு வரி கிடையாது. பெர்லின், ஹாம்பர்க் போன்ற மாநிலங்களில் நாயால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடும் கட்டாயம். சிப் எண்ணை டாசோ என்ற பதிவேட்டில் இலவசமாகச் சேர்த்துவிட்டால், நாய் தொலைந்தாலும் கண்டெடுப்பவர் உங்களைத் தொடர்புகொள்ள முடியும்.

ஜெர்மனியைத் தாண்டிச் செல்பவர்களுக்குச் சில வரிகள். பின்லாந்து, அயர்லாந்து, மால்டா ஆகிய நாடுகளுக்கு நாய் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்து, அதைச் சான்றிதழில் பதிய வேண்டும். பிரிட்டனுக்கும் இந்த மருந்து உண்டு. அங்கே விலங்குகள் விமானத்தில் சரக்காக மட்டுமே வர முடியும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் நாய்களுக்கான விதிகளை இறுக்கியிருக்கிறது: ஆறு மாத வயது நிறைந்திருக்க வேண்டும், இந்தியாவில் ஊசி போட்ட நாய்க்குப் பதிவுபெற்ற பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவும் வேண்டும். ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரடியாக நாய், பூனைகளை ஏற்பதே இல்லை.

ஜெர்மனியில் கால்நடை மருத்துவரிடம் ஐரோப்பிய விலங்குக் கடவுச்சீட்டை வாங்கி, இந்தியாவில் செய்த டைட்டர் முடிவையும் அதில் பதியச் சொல்லுங்கள். அந்தப் பதிவு இருந்தால், இந்தியாவுக்கு விடுமுறையில் நாயையும் அழைத்துவந்து திரும்பும்போது மூன்று மாதக் காத்திருப்பு மறுபடி வேண்டியதில்லை. இந்தியாவுக்குள் வர ஏக்யூசிஎஸ் நிலையத்தின் தடையின்மைச் சான்றை முன்னதாகப் பெற வேண்டும். ஒருமுறை தேறிய டைட்டர் முடிவு, ரேபிஸ் ஊசி இடைவெளியின்றித் தொடரும் வரை அந்த விலங்கின் ஆயுள் முழுதும் செல்லும். ஊக்க ஊசியைக் காலாவதித் தேதிக்கு ஒரு நாள் பிந்திப் போட்டாலும் அந்த முடிவு செல்லாததாகி, ஊசி, 30 நாள், இரத்தம், மூன்று மாதம் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே அடுத்த ஊசியின் தேதியை, காலாவதிக்குச் சில வாரங்கள் முன்னதாகவே வருமாறு, இன்றே கைபேசியின் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.